மண் ரிப்போர்ட் வந்த பிறகும் ஏன் மறுபடியும் தோண்டினார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன ஜும்ஆவுக்குப் பிறகு என் போனுக்கு வந்ததெல்லாம் ஒரே கேள்விதான். "டீச்சர், புதுக் காணிக்கு மண் ரிப்போர்ட் வந்து முடிஞ்சிதானே? பிறகு என்னத்துக்கு மறுபடியும் தோண்டுறாங்க? சதகாச் சல்லிய மண்ணுல கொட்டுறதா?"

கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பணத்தில் சீட்டுப் பிடித்துக் கொடுத்த உம்மாமாருடைய காசும் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு முறை தோண்டியபோதும் நான் அந்தக் காணியில் நின்றேன். வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து இவ்வளவையும் பேச நேரம் கிடைக்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

காணியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளின் குர்ஆன் மத்ரஸாவுக்கு ஒரு மாடிக் கட்டடம், அதற்கு முன்னால் விளையாட ஒரு முற்றம். அதற்குத்தான் இந்த இடம். முன்பு அங்கே வாகனக் கராஜ் இருந்தது, அதற்கும் முன்பு அது தாழ்ந்த சதுப்புக் காணி. விற்கிறவர் இதை மறைக்கவில்லை, கேட்டவுடனேயே சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லும் பதிவு அல்ல இது.

முதல் ரிப்போர்ட் கட்டடத்துக்கான ரிப்போர்ட். மூன்று கால் போட்ட இயந்திரத்தைக் கொண்டுவந்து இரண்டு ஆழமான துளை போட்டார்கள். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழ விடுகிறார்கள். அடியில் உள்ள குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுகிறார்கள். இரண்டு, மூன்று அடியில் இறங்கினால் மண் சோப்பு மாதிரி. முப்பது, நாற்பது அடி வேண்டுமென்றால் நல்ல உறுதி. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் என்ஜினியர், எவ்வளவு ஆழத்துக்கு பைல் இறக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார். அந்த வேலையை அவர்கள் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். பைல் போட்டால் கட்டடம் நிற்கும் என்று ரிப்போர்ட் சொல்கிறது, அதை நானும் நம்புகிறேன்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டின் முதல் வரியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் வரைக்கும் "நிரப்பு மண்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு படைக்கும் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். மேலே உள்ள ஒன்றரை மீற்றருக்கு ஒரே ஒரு சொல்.

அது பிழை அல்ல. என்ஜினியருக்கு அந்த ஒன்றரை மீற்றர் தேவையில்லை. அவருடைய பைல் அதைத் தாண்டிக் கீழே போகப் போகிறது. நம் பிள்ளைகளுக்கோ அந்த ஒன்றரை மீற்றர்தான் எல்லாமே. அவர்கள் விழுந்து எழும்புவது அதில்தான். நகத்துக்குள் போவதும் வீட்டுக்குச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருவதும் அதுதான்.

இந்த மண் கட்டடத்தைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. இந்த மண்ணில் பிள்ளை விளையாடலாமா என்பது வேறு கேள்வி. முதல் ரிப்போர்ட் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. "சொயில் டெஸ்ட் பாஸ்" என்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டபோது இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது போல ஆகிவிட்டது.

இந்த இரண்டு கேள்வியும் கலந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாடசாலையின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்து ஊர். வெட்டி முடிக்காமல் விட்ட லவ் கெனல் என்ற கால்வாயில் ஒரு இரசாயனக் கம்பனி 1942 முதல் 1953 வரை சுமார் 20,000 தொன் கழிவைப் புதைத்து மண் போட்டு மூடியது. பிறகு அந்தக் காணியை 1 டொலருக்கு அந்த ஊர்ப் பாடசாலைச் சபைக்கு எழுதிக் கொடுத்தது. இரசாயனம் புதைத்திருக்கிறோம், பிறகு எதுவும் நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்ற வாசகம் உறுதியிலேயே இருந்தது. அப்படியும் சபை பாடசாலை கட்டியது. அத்திவாரம் தோண்டும்போது கழிவு பீப்பாய்கள் வெளியே வந்தன. கட்டட வரைஞருக்கு வந்த கவலைகளில் ஒன்று, இந்த இரசாயனம் கொங்கிரீட் அத்திவாரத்தைக் கெடுத்துவிடுமோ என்பது. கட்டடத்தைக் கொஞ்சம் வடக்கே தள்ளிக் கட்டினார்கள்.

 1978 ஓகஸ்டில் அந்தப் பாடசாலையை மூடினார்கள். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் அந்தப் பகுதியை விட்டுப் போக வேண்டும் என்று மாநிலச் சுகாதார அதிகாரி அறிவித்தார். ஜனாதிபதி அவசரநிலை பிரகடனம் செய்தார். பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போனார்கள்.

நம்முடையது பழைய கராஜ் காணி. லவ் கெனல் அளவுக்கு இங்கே ஒன்றும் இல்லை என்பதை நானும் சொல்கிறேன், யாரும் பயந்துவிட வேண்டாம். ஆனால் கராஜில் என்னென்ன நிலத்துக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய எஞ்சின் ஒயில், டீசல், பெயின்ட் சுரண்டிய தூள், உடைத்த பெட்டரியின் அசிட், அதற்குள்ளிருந்த ஈயம். ஒயில் பாதி காலத்தோடு கரைந்து போகலாம். ஈயம் எங்கேயும் போகாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

என்னுடைய பழைய மாணவர் ஒருவர் கட்டாரில் இதே வேலை செய்கிறார். மூடிய பெற்றோல் செட், பழைய டிப்போ போன்ற காணிகளில் துளை போட்டு, மண்ணைப் பதிந்து, மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் தொழில். இரண்டு கிழமை லீவில் வந்திருந்தார். நிர்வாகத்தில் கேட்டு, காணிக்காரரிடமும் சம்மதம் வாங்கி, ஒருநாள் காலையில் வந்தார். சம்பளம் வாங்கவில்லை. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

அவர் உடனே தோண்டத் தொடங்குவார் என்று நினைத்துக் குடையோடு போய் நின்றேன். முக்கால் மணித்தியாலம் அவர் மண்ணைத் தொடவே இல்லை. கராஜ் குழி எங்கே இருந்தது, பெட்டரி எந்த மூலையில் கழற்றுவார்கள், தண்ணி எந்தப் பக்கம் ஓடும், கரண்ட் வயர் எதுவும் நிலத்துக்குக் கீழே போகிறதா என்று பக்கத்து வீட்டு நானாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் வரைந்தார். பிறகுதான் மூன்று இடம் குறித்தார். ஒன்று பழைய குழிக்குப் பக்கம். இரண்டாவது பெட்டரி மூலை. மூன்றாவது, கராஜ் வேலை நடக்காத பின்பக்கத் தென்னை மரத்தடி.

"மூணாவது என்னத்துக்கு? அங்க ஒண்டும் இல்லியே" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் டீச்சர். ஒண்டும் இல்லாத இடம் எப்படி ஈக்கும் எண்டு தெரியாம, மத்த ரெண்டும் கெட்டிருக்கா எண்டு எப்படிச் சொல்றது?"

விஞ்ஞானப் பாடத்தில் ஒப்பீட்டுப் பரிசோதனை என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியது அந்தத் தென்னை மரத்தடியில் நின்றது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இயந்திரம் இல்லை. கையால் முறுக்கி இறக்கும் ஓகர்தான். தண்ணி பாய்ச்சித் தோண்டினால் தேட வந்ததையே தண்ணி கழுவிக்கொண்டு போய்விடும் என்றார். ஒவ்வொரு முறை மேலே வரும் மண்ணையும் ஒரு பொலித்தீன் விரிப்பில் ஆழ வரிசைப்படி அடுக்கினார். அப்போதுதான் அந்த ஒற்றைச் சொல் விரிந்தது. முதல் துளையில் அவர் எழுதியதை என் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டேன்:

0 முதல் 0.4 மீற்றர்: சிவப்புக் கிரவல். காய்ந்தது. வாடை இல்லை.

0.4 முதல் 0.7: உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி, போத்தல் துண்டு, பொலித்தீன்.

0.7 முதல் 1.1: கறுப்பு மணல். கையுறையில் ஒட்டுகிறது. டீசல் போன்ற வாடை. 0.9இல் தண்ணீர், மேலே வானவில் படலம்.

1.1 முதல் 1.5: சாம்பல் மணல், ஓட்டுத் துண்டு கொஞ்சம். வாடை இல்லை.

1.5க்குக் கீழே: கறுப்பு, நார் நாராக, ஈரம். கூழ் முட்டை வாடை.

1.8இல் துளையின் பக்கங்கள் சரியத் தொடங்கின. அத்தோடு நிறுத்தி, அதையும் எழுதினார்.

முதல் ரிப்போர்ட்டில் "நிரப்பு மண்" என்ற ஒரே வரி, இங்கே நான்கு வரி. அந்த நான்கில் ஒரு வரிதான் நமக்குக் கவலை தருவது. எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். தாளில் எந்த இடத்திலும் "நஞ்சு" என்றோ "மாசு" என்றோ அவர் எழுதவில்லை. "டீசல் போன்ற வாடை" என்றுதான் எழுதினார். இரண்டாவது துளையில் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் வந்தபோது, "கடினமான கறுப்புப் பிளாஸ்டிக், 4 துண்டு, பெட்டரி உறையாக இருக்கலாம்" என்று எழுதினார். கண்டதை எழுத வேண்டும், முடிவை ஆய்வுகூடம் சொல்லட்டும் என்றார். வாடையைக்கூட மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவில்லை. தானாக வந்ததைத்தான் எழுதினார். தெரியாத மண்ணை முகர்வது அந்தத் தொழிலில் கூடாதாம்.

நம் ஊருக்கு இது முக்கியம். முத்துராஜவெல சதுப்பின் ஓரத்தில் இருப்பவர்கள் நாங்கள். இங்கே கிரவலுக்குக் கீழே பல இடத்தில் இருப்பது, செத்த செடிகொடி பல ஆயிரம் வருடம் தண்ணிக்குள் கிடந்து உருவான பீட் மண். அது இயற்கையிலேயே கறுப்பு, இயற்கையிலேயே கூழ் முட்டை வாடை. கறுப்பாக இருக்கிறது, நாறுகிறது, ஆகவே நஞ்சு என்று யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் ஹெந்தளையில் பாதிக் காணி நஞ்சாகிவிடும். கறுப்பு எல்லாம் கெட்டதல்ல, சிவப்புக் கிரவல் போட்டு மூடியதெல்லாம் நல்லதும் அல்ல.

தண்ணி மேல் மிதக்கும் வானவில் படலத்துக்கும் அப்படித்தான். நம் கால்வாய் ஓரத்திலும் அது தெரியும், இரும்பு கலந்த தண்ணியில் வாழும் பக்டீரியாவாலும் வரும். ஒரு ஈர்க்குச்சியால் கிளறிப் பாருங்கள். கண்ணாடி உடைந்தது போல் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றால் பெரும்பாலும் பக்டீரியா. மறுபடியும் ஓடிவந்து ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகப்பட வேண்டும். முதல் துளையில் அது ஓடிவந்து சேர்ந்தது.

பிறகு மாதிரி எடுத்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. ஓகரில் வந்த மண்ணின் வெளிப்பக்கத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு உள்பக்கத்தை எடுத்தார். மேலே உள்ள படையின் மண் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்காக. எண்ணெய் பார்க்கும் மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை அடைத்தார். இடைவெளி விட்டால் ஆவியாகிப் போத்தலுக்குள்ளேயே பறந்துவிடும். துளை எண், ஆழம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்தார். பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தாள், அதில் கையெழுத்து. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போக முன் ஓகரைக் கழுவினார். கடைசியில் துளைகளைச் சும்மா விடாமல் களி அடைத்து மூடினார். இல்லாவிட்டால் மேலே உள்ள அழுக்கு கீழே இறங்க நாமே குழாய் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

"படைய எழுதாம மாதிரி மட்டும் அனுப்பினா என்ன?" என்று கேட்டேன். பீட் மண்ணில் செடியின் இயற்கை எண்ணெயும் மெழுகும் இருக்கும், சில பரிசோதனைகளில் அதுவும் எண்ணெய் என்றே காட்டும் என்றார். இந்தப் போத்தல் பீட், இந்தப் போத்தல் நிரப்பு மணல் என்று தாளில் இருந்தால்தான் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்கும். தாள் இல்லாத எண் நம்மையும் ஏமாற்றும், காணிக்காரருக்கும் அநியாயம் செய்யும்.

நிர்வாகத்தில் மூத்த ஹாஜியார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மகள், அறுபது வருசமா இந்த மண்ணுலதான் உழுந்து எழும்பினோம். எங்களுக்கு என்ன ஆகின?"

அவருடைய வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை கொடுத்தே பதில் சொல்கிறேன். அவர் விளையாடிய மண்ணில் அந்தக் காலத்தில் பெட்டரி உடைக்கவில்லை. அடுத்தது, ஈயம் காய்ச்சல் மாதிரி வெளியே தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம், ஈயத்தில் தீங்கில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைப் போல 4 முதல் 5 மடங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது. அது போய்ச் சேரும் இடம் மூளை. பிள்ளை நோயாளியாகத் தெரியாது. கவனம் நிற்காத பிள்ளையாக, படிப்பு ஏறாத பிள்ளையாகத் தெரியும். வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாங்கள் வைக்கும் பெயர் வேறு. அதனால்தான் ஒரு ஆசிரியையாக இது எனக்குச் சின்ன விசயம் இல்லை.

அமெரிக்காவின் சுற்றாடல் நிறுவனம் குடியிருப்பு மண்ணில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் இருந்தால் ஆராய வேண்டும் என்று பல வருடம் வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அதை 200 ஆகக் குறைத்தார்கள். அறிவு கூடக் கூட எல்லை குறைந்துகொண்டுதான் வருகிறது.

தண்ணியையும் யோசிக்க வேண்டும். அந்தக் காணியில் 0.9 மீற்றரில் தண்ணி வந்துவிட்டது. சுற்றியுள்ள சில வீடுகளில் இன்னும் கிணறு பாவிக்கிறார்கள். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணியில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் அதற்கு முன் சனங்கள் வருடக்கணக்கில் பவுசர் தண்ணிக்கு வாளியோடு நின்றார்கள். மண்ணுக்குள் போனது மண்ணுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை.

நம் மார்க்கத்தில் இதற்கு வெளியே தேட வேண்டியதும் இல்லை. மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகும்போது நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டதும், விரலில் ஈரம் பட்டதும், மழை நனைத்தது என்று விற்றவர் சொன்னதும், ஏன் அதை மேலே எல்லோரும் பார்க்க வைக்கவில்லை என்று கேட்டதும் நாம் மத்ரஸாவிலேயே படித்த ஹதீஸ். மேலே பார்த்து நம்பாமல் உள்ளே கை விட்டுப் பார்ப்பது வாங்குகிறவரின் சந்தேகப் புத்தி இல்லை. அது சுன்னத்தான வழி. அதுவும் ஊர் அமானிதப் பணத்தில் வாங்கும்போது.

ஆய்வுகூட முடிவு இன்னும் வரவில்லை. கெட்டது என்று வந்தால் காணியைக் கைவிட வேண்டும் என்பதும் இல்லை. தாளில் ஆழம் இருக்கிறது. கெட்ட படை எந்த மூலையில், எத்தனை அடி வரை என்று தெரிந்தால், எத்தனை லொறி மண் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். முற்றத்தைத் தென்னை மரப் பக்கம் மாற்றி, கெட்ட மூலையைக் கொங்கிரீட்டால் மூடலாமா என்று கேட்கலாம். பைல் இறக்கும்போது மேல் அழுக்கு கீழே போகாமல் எப்படிச் செய்வது என்று என்ஜினியரிடம் இப்போதே கேட்கலாம். நல்லது என்று வந்தால் அல்ஹம்துலில்லாஹ், நிம்மதியாக ஒப்பம் வைப்போம். இரண்டில் எது வந்தாலும் பணம் வீணில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, ஆய்வுகூட ரிப்போர்ட்டும் அந்தத் துளைத் தாளும் சேர்ந்து கைக்கு வரும்வரை உறுதி எழுதுவதைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். முற்பணத்தின் தவணையைக் காணிக்காரரிடம் நல்லபடியாகப் பேசி நீட்டிக்கலாம். அவர் நேர்மையான மனிதர், மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, பழையவர்களிடம். அந்தக் கராஜில் வேலை செய்தவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள், அந்தக் குழி நிரப்பப்பட்டதைப் பார்த்தவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எந்த வருசம் நிரப்பினார்கள், எங்கேயிருந்து லொறி வந்தது, பெட்டரித் தண்ணியை எங்கே ஊற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். யாரையும் குற்றம் பிடிக்க இல்லை. மூன்று துளைக்கு நடுவில் எவ்வளவோ மண் இருக்கிறது, அங்கே என்ன கிடக்கிறது என்று உங்கள் ஞாபகத்துக்குத்தான் தெரியும். பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. இன்பொக்ஸில் அனுப்பினாலும் சரி, பின்னேரம் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாலும் சரி. நானே எழுதி நிர்வாகத்துக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் துஆக்களில் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.